தங்கள் வண்டியின் எண்ணெய் கறுத்த விவரம்

மொனோங்,
ஜூலை 21, திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் ஒலெபிலே அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் தங்கையின் கணவன் கெனோசி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் தங்கை செகமெட்சி, மகள் பொனோலோ, பதினேழு ஆடுகள், தங்கள் வண்டி, நான் ஆகிய எல்லாரும் சுகம். வண்டியை ஆடுகளுக்கு அடுத்தபடியாக எழுதிவிட்டேன், வரிசையைப் பார்த்துத் தப்பாக நினைக்க வேண்டாம். நமீபியாவில் தாங்கள் தோண்டும் ஆழ்துளைக் கிணற்றில் இதற்குள் தண்ணீர் வந்திருக்கும் என்று நம்புகிறேன். வராவிட்டாலும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த ஜூலைக் குளிர் எலும்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. மிகப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் முப்பத்தொரு வருஷம் ஊர்மன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், நடந்ததை நடந்த வரிசையில்தான் எழுத வரும். தாங்கள் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பொனோலோவுக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று முடிவானதும், அவள் கணவனுக்குச் சுரங்கத்தில் லீவு கிடையாது என்று தெரிந்ததும், தாய்மாமன் என்ற முறையில் தாங்கள் செய்த உபகாரத்தை இந்த வீடு மறக்காது. "மாப்ள, ஹுகுன்சி ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மணி நேரம் மணல்ல போகணும். உங்க குட்டிக் காரு மொத மேட்டுலயே மூக்கப் பொதச்சிக்கும். என் வண்டிய வெச்சிக்கோங்க" என்று சொல்லி, நான்கு சக்கரமும் இழுக்கும் அந்த டீசல் வண்டியை எங்கள் வாசல் முள்மரத்தடியில் நிறுத்திவிட்டுப் போனீர்கள். போகும்போது ஒரே ஒரு கட்டளை. "பத்து நாள்ல எஞ்சின் ஆயில் மாத்தணும். ஃபுல் சிந்தெடிக் மட்டும்தான். வேற எதையாவது ஊத்தினீங்க, வந்து உங்கள அந்த மணல்லயே பொதச்சிருவேன்." இதைத் தேதி, நேரத்தோடு நோட்டில் குறித்து, சாட்சியாகத் தங்கள் தங்கையிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். என் வாழ்நாளில் பெட்ரோல் கார் தவிர வேறொன்றை நான் தொட்டதில்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துகொள்கிறேன். பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் அது ஒன்றே காரணம்.

பத்தாம் நாள் பள்ளிக்கூட லாரியில் ஹுகுன்சிக்குப் போனேன். வண்டிச் சாமான் விற்கும் கடையில் ஒரு சுவர் முழுக்க எண்ணெய்க் கேன்கள். மச்சான், நான் ஒரு நாளில் இருபது வழக்கு எழுதியிருக்கிறேன், தலை சுற்றியதில்லை. அந்தச் சுவரைப் பார்த்ததும் சுற்றியது. மினரல் என்கிறது ஒன்று, பாதி சிந்தெடிக் என்கிறது ஒன்று, முழு சிந்தெடிக்கிலேயே ஐந்து டபிள்யூ நாற்பது, பத்து டபிள்யூ முப்பது, பூஜ்யம் டபிள்யூ என்னமோ. நான் ஒவ்வொரு கேனாக இறக்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் படித்து, கடைக்கார அம்மாவை விசாரிக்கத் தொடங்கினேன். அந்த அம்மா முதலில் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"முன்னால நிக்கிற நம்பர் குளிருக்கு ஐயா, பின்னால நிக்கிறது சூட்டுக்கு. காலையில பனி உறையிற குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது எண்ணெய் கெட்டியா நின்னுடாம ஓடணும், மத்தியானம் மணல்ல எஞ்சின் கொதிக்கும்போது தண்ணியா எளகிடவும் கூடாது. உங்களுக்கு அஞ்சு டபிள்யூ நாப்பது. டீசலுக்குன்னு தனியா போட்டிருக்கு பாருங்க."

"டீசலுக்கு என்று போட்டிருப்பதை யார் போட்டது?"

"எண்ணெய் செஞ்சவங்க."

"அவர்கள் சொல்வது உண்மை என்பதற்கு?"

எனக்குப் பின்னால் ஏழு பேர் நின்றிருந்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. டார்ச்சுக்கு ஒரு பல்பு மட்டும் வாங்க வந்த ஒருத்தர் தரையில் உட்கார்ந்தே விட்டார். கடைக்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, எண்ணெய் வாங்க வந்தீங்களா, பையனுக்குப் பொண்ணு கேக்க வந்தீங்களா? இதுக்குக் குலம் கோத்திரமெல்லாம் எனக்குத் தெரியாது. எடுத்துக்கிட்டா எடுத்துக்கோங்க, இல்லாட்டி அந்தப் பல்புக்காரர விடுங்க பாவம்." எடுத்துக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு முறைக்கு ஆகிறமாதிரி எடுத்துக்கொண்டேன். தங்கள் தாய்மாமன் வாக்கு, என் மகள் பிரசவம், இரண்டும் அந்தக் கேனுக்குள் இருக்கின்றன என்று நினைத்து, அதை மடியில் வைத்துக்கொண்டுதான் ஊர் வந்து சேர்ந்தேன்.

எங்கள் ஊர் மெக்கானிக் டிரோவைத் தங்களுக்குத் தெரியும், ஊரில் உள்ள எல்லா வண்டிக்கும் அவர்தான் வைத்தியர். அதே முள்மரத்தடியில் படுத்துப் பழைய எண்ணெயை இறக்கி, ஃபில்டர் மாற்றி, புதியதை ஊற்றினார். அளக்கும் கம்பியை உருவிக் காட்டினார். அடடா, தேன்! வெயிலில் பிடித்தால் கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிகிறது. நான் என் வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு சொட்டு தொட்டு, தேதி போட்டு, மடித்து வைத்தேன். டிரோ, "என்ன ஐயா, கல்யாணத்துக்கு முதல் நாள் மாதிரி சந்தோஷப்படுறீங்க" என்று சிரித்தார். அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மறுநாள் விறகுக்கு ஒரு நடை போய் வந்தோம், அதற்கடுத்த நாள் ஆட்டுத் தீவனத்துக்கு. மூன்றாம் நாள் காலையில் சும்மா பார்க்கலாம் என்று கம்பியை உருவினேன். கறுப்பு. கொஞ்சம் கறுப்பு இல்லை மச்சான், தார் மாதிரி, பானை அடிக்கரி மாதிரிக் கறுப்பு. என் பெட்ரோல் காரில் எண்ணெய் மாற்றினால் மாசக்கணக்கில் தேன் மாதிரியே இருக்கும். இரண்டே நாளில் கறுக்கிறதென்றால் ஒன்றுதான் அர்த்தம்: நான் தேநீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் டிரோ என் புது எண்ணெயை எடுத்து வைத்துக்கொண்டு, இறக்கிய பழையதையே திரும்ப ஊற்றியிருக்கிறார். கைக்குட்டையை எடுத்துக்கொண்டு நேராக அவர் முன் போய் நின்றேன். "ஐயா, டீசல்னா கறுக்கத்தான் செய்யும்" என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஊர்மன்றத்தில் முறையிட்டேன். மற்றவர்களாக இருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பார்கள், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஊர்த்தலைவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு தம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பெரியவர்கள் அரைவட்டமாக உட்கார்ந்திருக்க, சாட்சிப் பொருள் ஒன்று கைக்குட்டை, சாட்சிப் பொருள் இரண்டு கம்பியைத் துடைத்த துணி என்று வரிசையாக வைத்தேன். கைக்குட்டை கைக்குக் கை மாறியது. ஒருத்தர் முகர்ந்து பார்த்தார். ஒருத்தர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "முன்னாடி வெச்சது ருசியா இருக்கு" என்று எனக்குச் சாதகமாகச் சொன்னார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் கழுதை வண்டி தவிர வேறெதையும் ஓட்டியவர் யாரும் இல்லை என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. தீர்ப்பு: மன்றத்தின் கண் முன்னால் டிரோ மறுபடி எண்ணெய் மாற்றித் தர வேண்டும், எண்ணெய் என்னுடையது. எல்லாரும் அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கள் முள்மரத்தடிக்கு வந்தார்கள். டிரோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டாவது கேனை ஊற்றினார். நான் தேநீர் குடிக்க உள்ளே போகவில்லை. தங்கள் தங்கைதான் அத்தனை பேருக்கும் தேநீர் போட்டாள், போட்டுக்கொண்டே, "எங்க அண்ணன் வண்டி குடுத்தது புள்ளப்பேறுக்கு, ஊரக் கூட்டி விருந்து வெக்கிறதுக்கு இல்ல" என்று என் காதில் விழும்படி அடுப்பிடம் சொன்னாள்.

நாலு நாள் கழித்துப் பார்க்கிறேன், கறுப்பு!

இந்தத் தடவை டிரோவைச் சொல்ல முடியாது, பதினொரு சாட்சிகள். அப்படியானால் எண்ணெயே போலி. மேலே தேன் நிறச் சாயம், உள்ளே கரி. தலையைப் பிய்த்துக்கொண்டேன். ராத்திரி தூக்கம் போச்சு, சாப்பாடு இறங்கவில்லை. பொனோலோ கூடச் சொன்னாள், "அப்பா, வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு நானே நல்லாத் தூங்குறேன், நீங்க ஏன் இப்படி மெலியிறீங்க" என்று. அவளிடம் நான் சொல்லவில்லை, ஆனால் தங்களிடம் சொல்கிறேன், நான் பயந்தது எண்ணெய்க்காக இல்லை மச்சான். அந்தக் கரிக் குழம்போடு நடு மணலில் எஞ்சின் நின்றுபோய், வலியெடுத்த பெண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இதற்கிடையில் இறக்கிய எண்ணெயைத் தங்கள் தங்கை வீணாக்கவில்லை, கரையான் ஏறாமல் இருக்க ஆட்டுப்பட்டிக் கம்பங்களுக்குப் பூசிவிட்டாள். மூன்று நாள் மட்டும் ஓடிய ஃபுல் சிந்தெடிக் பூசிய ஆட்டுப்பட்டி இந்தக் கலஹாரியிலேயே நம்முடையது ஒன்றுதான்.

இப்போது கடந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். தாங்கள் மனதைத் திடப்படுத்திக்கொள்ளவும். பிரசவத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது என்று எங்கள் ஊர் நர்ஸ் சொல்லியிருந்தார். அந்தத் தைரியத்தில் வியாழன் காலை நானே வண்டிக்குக் கீழே நுழைந்து, டிரோ செய்ததைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டபடி, அடித்திருகைக் கழற்றி எண்ணெய் முழுவதையும் இறக்கினேன். திட்டம் என்னவென்றால், அந்தக் கறுப்பு எண்ணெயில் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு மறுநாள் பள்ளிக்கூட லாரியில் ஹுகுன்சி போய், கடைக்கார அம்மா முன்னால் வைத்து, வேறு எண்ணெய் வாங்கி வருவது. எண்ணெயை இறக்குவதற்கு ஒரு பாத்திரம் வேண்டுமே, சுவரோரம் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி இருந்தது, பளிச்சென்று புதிதாக. அது குழந்தையைக் குளிப்பாட்டத் தங்கள் தங்கை வாங்கி வைத்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தொட்டி நிறைந்தது. கடைசிச் சொட்டு விழுந்துகொண்டிருக்கிறது. நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறேன். வீட்டுக்குள்ளிருந்து பொனோலோ "அம்மா!" என்றாள்.

ஒரு பெண் அம்மா என்று கூப்பிடுவதில் பல வகை உண்டு. இது எந்த வகை என்று வண்டிக்கு அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

செகமெட்சி வாசலுக்கு ஓடி வந்தாள். "பொனோலோ அப்பா, வண்டிய எடுங்க! பனிக்கொடம் ஒடஞ்சிருச்சு!"

"வண்டியில் எண்ணெய் இல்லை" என்றேன்.

"ஏன் இல்ல?"

நான் தொட்டியைப் பார்த்தேன். அவளும் தொட்டியைப் பார்த்தாள். அது எந்தத் தொட்டி என்று அப்போது அவள் முகத்திலிருந்து தெரிந்துகொண்டேன். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் என்னை எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறாள், அன்றைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. நர்ஸ் அடுத்த குடியிருப்புக்குப் போயிருந்தார். பள்ளிக்கூட லாரி மறுநாள்தான். டிரோ? டிரோ வீட்டு வாசலை மிதிக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? செகமெட்சி தன் தலையில் கட்டியிருந்த துணியை, சர்ச்சுக்குக் கட்டுகிற நல்ல துணியை, ஒரே இழுப்பில் அவிழ்த்து என் மேல் எறிந்தாள். "இதுல வடிகட்டி அதையே திரும்ப ஊத்துங்க."

"அது கறுப்பு!"

"என் தொட்டியும்தான் கறுப்பு! ஊத்துங்கங்கிறேன்!"

அடித்திருகை இறுக்கினேன். அவள் துணியைப் பிடிக்க, நான் ஊற்ற, அவசரத்தில் ஒரு பங்கு என் சட்டைக்குப் போக, மிச்சம் எஞ்சினுக்குள் போனது. கம்பியில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றது, அது ஒன்றுதான் ஆறுதல். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், தாங்கள் பல்லைக் கடிப்பது இங்கே வரை கேட்கிறது.

அந்த மணல் பாதையில் நான் ஓட்டியதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. டயர் காற்றைக் குறைத்தேன், நான்கு சக்கரமும் இழுக்கும்படி போட்டேன், அதெல்லாம் தாங்கள் சொல்லிக்கொடுத்தபடி. ஆனால் எஞ்சின் கொஞ்சம் உறுமினால் என் கால் தானாகத் தூக்கிக்கொண்டது. உள்ளே அந்தக் கரிக் குழம்பு என்ன பாடு படுகிறதோ! பின் இருக்கையிலிருந்து பொனோலோ, மூச்சை விட்டு விட்டு, "அப்பா... மிதிங்க... நத்தை கூட நம்மள முந்திரும்..." என்றாள். செகமெட்சி, "ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு ஜெபம் பண்ணாதீங்க, ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க" என்றாள். பாதி வழியில், இரண்டு மேடுகளுக்கு நடுவில், என்னால் தாங்க முடியவில்லை. நிறுத்திவிட்டேன். இறங்கி, மூடியைத் தூக்கி, கம்பியை உருவினேன்.

மச்சான், என் மகள் உள்ளே வலியில் கத்துகிறாள், நான் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தங்கள் தங்கை கதவைத் திறந்து ஒரு செருப்பை எடுத்து என் மேல் வீசினாள், அது குறி தவறவில்லை. சரியாக அந்த நேரம் எதிரே மேட்டின் மேல் ஹுகுன்சி ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஏறி வந்தது. பாம்பு கடித்த ஒருத்தரைக் கூட்டி வர உள்ளே எங்கோ போய்க்கொண்டிருந்தது. ஓட்டி வந்தது பசெட்சானா என்கிற பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கம்பளித் தொப்பி, கையில் ஒரு பொரித்த மாவு உருண்டை. கூட வந்த நர்ஸ் நேராகப் பொனோலோவிடம் போனார். பசெட்சானா என்னிடம் வந்தாள்.

"என்ன ஆச்சு ஐயா, வண்டி நின்னுருச்சா?"

"நிற்கவில்லை. நான் நிறுத்தினேன். எண்ணெய் கறுத்துவிட்டது."

அவள் கம்பியை வாங்கினாள், இரண்டு விரலால் எண்ணெயைத் தேய்த்துப் பார்த்தாள், என் சட்டையிலேயே துடைத்தாள், ஏற்கெனவே கறுத்த சட்டை என்பதால் எனக்கு ஆட்சேபம் இல்லை. "ஊத்தி எத்தன நாளாச்சு?"

"ஆறு நாள். அதில் ஒரு அரை மணி நேரம் குழந்தைத் தொட்டியில் இருந்தது."

அவள் மாவு உருண்டையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "டீசல் வண்டி ஓட்டினதே இல்லையா நீங்க? ஐயா, டீசல் எரிஞ்சா கரி வரும். அந்தக் கரி எஞ்சின்ல ஒட்டாம எண்ணெய்தான் தன் மேல வாங்கிக்கிது. நல்ல எண்ணெய்ன்னா இன்னும் சீக்கிரம் கழுவி எடுக்கும், இன்னும் சீக்கிரம் கறுக்கும். எங்க ஆம்புலன்ஸ்ல மாத்தின மறுநாளே இப்படித்தான் இருக்கும். கறுத்தா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். கறுக்காம தேனாட்டம் இருந்துச்சுன்னா அப்பத்தான் நான் பயப்படுவேன்." கம்பியைச் சொருகினாள், மூடியை அடித்துச் சாத்தினாள். "என்ன எண்ணெய் ஊத்தினீங்க?"

ஐந்து டபிள்யூ நாற்பது, ஃபுல் சிந்தெடிக், டீசலுக்கு உரியது, எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, "கோய்ட்சியோனே!" என்றேன். அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். உள்ளே நர்ஸ் சிரிப்பது கேட்டது, வலிக்கு நடுவில் பொனோலோவும் சிரித்தாள். நர்ஸ் இறங்கி, "நேரம் இருக்கு, ஆனா நின்னு பேசுற அளவுக்கு இல்ல. மிதிங்க ஐயா" என்றார்.

மிதித்தேன். மச்சான், போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. கறுப்பு வேலை செய்கிறது, கறுப்பு வேலை செய்கிறது என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன். தங்கள் வண்டி அந்தக் கடைசிப் பெரிய மேட்டில் ஒரு தடவை கூட முனகாமல் ஏறியது, நான் வாய்விட்டு அழுதேன், வண்டியைத் தட்டிக்கொடுத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி அரை மணி நேரத்தில், பகல் ஒரு மணிக்கு, பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். இதுதான் நான் சொன்ன பெரிய செய்தி. பெயரைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, கோய்ட்சியோனே என்று பொனோலோவே வைத்துவிட்டாள். தாங்கள் தாய்மாமன், தங்களைக் கேட்காமல் வைத்ததற்கு மன்னிக்க வேண்டும். தங்கள் வண்டியில் வந்த பெயர்தானே.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டோம். முறைப்படி வாசலில் கட்டை குறுக்கே போட்டாகிவிட்டது, தொப்புள்கொடி விழும் வரை ஆண் வாடை உள்ளே போகக்கூடாது. ஆஸ்பத்திரியிலும் ஆண்களை வெளியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள், வண்டியில் வரும்போது போர்வைச் சுருள் மட்டும்தான் கண்ணில் பட்டது. ஆக என் பேத்தியை நான் இன்னும் பார்க்கவில்லை, குரல் மட்டும் கேட்கிறேன், தங்கள் தங்கை குரல்தான், சந்தேகமே வேண்டாம். செய்வதற்கு ஒன்றுமில்லாததால் காலையில் எழுந்ததும் கம்பியை உருவிப் பார்க்கிறேன். நல்ல கறுப்பு. நிம்மதியாகச் சொருகிவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போகிறேன். நான் இப்படித் தினமும் உருவுவதைத் தங்கள் தங்கை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இந்த மனுஷனுக்கு இன்னும் சந்தேகம் தீரல போல" என்று பெருமூச்சு விடுகிறாள். தீர்ந்துவிட்டது என்று எத்தனை தடவை சொல்வது?

விடியற்காலையில் இது வரை எழுதி வைத்துவிட்டு, இன்றைக்கு ஊர்மன்றத்துக்குப் போய் நானே எழுந்து நின்று, டிரோ மீது சொன்ன குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்று, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். ஒரு ஆடு அபராதம். ஆகவே ஆடுகள் பதினேழு என்று மேலே எழுதியதைப் பதினாறு என்று திருத்திப் படிக்கவும். அதை அங்கேயே அறுத்து, வழக்கப்படி கறியை வேகவைத்து இடித்து எல்லாரும் சாப்பிட்டோம், முன்பு எண்ணெயை ருசி பார்த்த பெரியவர் இரண்டு தடவை வாங்கினார். டிரோ மட்டும் கறி பங்கு போடுமுன்பே, "கொஞ்சம் வேல இருக்கு ஐயா" என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார். நான் வீடு திரும்பும்போது பார்க்கிறேன், அவர் எங்கள் வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். குழந்தையை விசாரிக்க வந்திருக்கிறார், என்ன பெருந்தன்மை! ஹுகுன்சி கடைக்கார அம்மாவும் பேத்தி பிறந்த சேதி கேட்டுப் பள்ளிக்கூட லாரியில் ஏதோ கனமான பொட்டலம் அனுப்பியிருந்தார், பெண்கள் சமாசாரம் என்று நான் கேட்கவில்லை. தங்கள் தங்கை என்னைப் பார்த்து, "இனிமே நிம்மதியாத் தூங்குங்க" என்றாள். அவள் இப்படிக் கனிவாகப் பேசிப் பல நாளாகிவிட்டது.

ஆக, ஃபுல் சிந்தெடிக் பற்றித் தாங்கள் சொன்னது முழுக்கச் சரி. டீசல் எண்ணெய் பற்றி இனி யாருக்கும் நான் பாடம் எடுக்கலாம். தங்கள் கிணற்றில் தண்ணீர் பொங்கட்டும், தாங்கள் சுகமாக வந்து பேத்திக்குப் போர்வை போர்த்தவேண்டும், நம் ஆடு மாடுகள் பெருகட்டும். மழை பொழிக, மழை பொழிக, மழை பொழிக.

என்றும் தங்கள் நன்றி மறவாத,
கெனோசி
(பொனோலோவின் அப்பா, கோய்ட்சியோனேயின் தாத்தா)

பின்குறிப்பு, செவ்வாய் காலை: இந்தக் கடிதத்தை உறையில் போடுமுன் வழக்கம்போலக் கம்பியை உருவினேன். தேன்! கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிகிறது! பசெட்சானா என்ன சொன்னாள், தேனாட்டம் இருந்தால் அப்போதுதான் பயப்பட வேண்டும் என்று. எண்ணெய் வேலை செய்வதை நிறுத்திவிட்டது, எஞ்சினுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் அடித்திருகைக் கழற்றி எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். நீலத் தொட்டி கட்டைக்கு அந்தப் பக்கம் இருப்பதால், பட்டியோரம் கிடந்த பழைய தகரத்தைக் கீழே வைத்தேன். அதன் அடியில் ஓட்டை இருந்திருக்கிறது, இந்த மணலுக்கோ எப்போதும் தாகம். ஒரு சொட்டு மிச்சமில்லை. திருகும் கையுமாக நான் எழுந்து நிற்கும்போது செகமெட்சி வெளியே வந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"எண்ணெய் வெளுத்துவிட்டது!"

"வெளுக்கலய்யா! நேத்து நான்தான் டிரோவக் கூப்பிட்டுப் புதுசு ஊத்தச் சொன்னேன்! அந்தக் கடைக்காரம்மா அனுப்பின பொட்டலமே எண்ணெய்தான், 'உங்க தாத்தாவ இனிமே கடைப் பக்கம் அனுப்பாதீங்க'ன்னு சீட்டும் வெச்சிருந்தாங்க. சத்தம் கேட்டா புள்ள முழிச்சிக்கும்னு வண்டிய ஸ்டார்ட் கூடப் பண்ணாம போனாரு அந்த மனுஷன். பழசத் தூக்கிக் கம்பத்துக்குப் பூசிட்டேன். நீங்க காலையில எழுந்து தேனப் பாத்துச் சந்தோஷப்படட்டும்னு..." திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மச்சான், அவள் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

ஆகவே மேலே எழுதிய எல்லாவற்றுக்கும் மாறாக, தங்கள் வண்டியில் தற்சமயம் எந்த நிறத்திலும் எண்ணெய் இல்லை. வெள்ளிக்கிழமை தாயையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும். இன்றைக்கு ஆம்புலன்ஸில் இந்த வழியாக வந்து இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் பசெட்சானாவிடமே ஒரு கேன் சொல்லியனுப்புகிறேன். டிரோ வந்து ஊற்றுவதாகவும், நான் அந்த நேரம் பக்கத்து ஊரில் இருக்கவேண்டும் என்றும் ஏற்பாடு.

இன்னொன்று, இதைத் தாங்கள் யாரிடமும் சொல்லக்கூடாது, ஊர்மன்றத்தில் தெரிந்தால் இன்னொரு ஆடு போய்விடும். சிரித்து முடித்ததும் செகமெட்சி உள்ளே போனாள். ஜன்னல் துணியை ஒரு ஓரமாகத் தூக்கினாள். "வாங்க. ஒரே ஒரு நிமிஷம். உங்கள இப்படியே விட்டா அந்த வண்டியில இன்னும் எதையெதைக் கழட்டுவீங்களோ" என்று குழந்தையை உயர்த்திக் காட்டினாள். பார்த்துவிட்டேன் மச்சான். தூங்கிக்கொண்டிருந்தாள். தலை நிறைய முடி, கறுகறுவென்று. எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது.